மேல்முறையீடு கொண்டுவந்த பணம்: தாமதமான ஒரு புறநகர் வீட்டின் ஆறு ஆண்டுகள் (நிகழ்வு ஆய்வு)

வீட்டுக் கடன் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பகுதியில் வீடு வாங்கிச் சிக்கிக்கொண்டவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் காகிதம் பார்த்துச் சொல்வது வழக்கம். அப்படி வந்த ஒரு குடும்பத்தின் விஷயம் இது. அவர்களுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், பில்டர், வங்கி எதுவும் இதில் இல்லை.

பின்னணி

கணவர் ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். மனைவி நர்சரி பள்ளி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்து ஆண்டு வருமானம் 5.4 லட்சம். 2017 கடைசியில் சென்னைப் புறநகரில், மூன்று பிளாக், 132 வீடுகள் கொண்ட ஒரு திட்டத்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். விலை 31 லட்சம். விளம்பரத்தில் 845 சதுர அடி, கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் உண்மையில் புழங்கும் இடம், 578.

சென்னைப் பக்கம் ஃபிளாட் வாங்கியவர்களுக்கு இந்த முறை தெரியும். முதலில் யுடிஎஸ் என்கிற பிரிபடாத மனைப் பங்குக்குத் தனிக் கிரையப் பத்திரம். அப்புறம் வீட்டைக் கட்டித் தருவதற்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம். இவர்களுக்கு 2018 ஜனவரியில் யுடிஎஸ் பதிவானது. நகையும் பிஎஃப் பணமும் சேர்த்துக் கையிலிருந்து போட்டது 7 லட்சம், வங்கிக் கடன் 24 லட்சம். ஆண்டு வருமானம் 3 முதல் 6 லட்சத்துக்குள் இருந்ததால், பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் வட்டி மானியமாக 2.67 லட்சம் கடன் கணக்கில் வரவானது.

கட்டுமான ஒப்பந்தத்தின்படி வீட்டை ஒப்படைக்க வேண்டிய மாதம் 2019 ஜூன். கூடுதல் அவகாசம் ஆறு மாதம், ஆக 2019 டிசம்பர். ஒப்பந்தத்தில் இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். வாங்குபவர் தவணையைத் தாமதித்தால் 18 சதவீத வட்டி. பில்டர் வீட்டைத் தாமதித்தால் சதுர அடிக்கு மாதம் 3 ரூபாய், அதாவது 2,535 ரூபாய். கையெழுத்துப் போடும்போது இதைப் படித்தீர்களா என்று கேட்டேன். “பத்திர ஆபீஸ்ல டோக்கன் நம்பர் கூப்பிட்டுட்டாங்க சார்” என்றார் கணவர்.

பின்புலத்தில் இருந்த சட்டம்

2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், அதாவது ரெரா, நாடாளுமன்றம் இயற்றியது. 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டின் விதிகள் அதே ஆண்டு ஜூனில் வந்தன. 500 சதுர மீட்டரைத் தாண்டிய அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். அன்று நடந்துகொண்டிருந்து, நிறைவுச் சான்றிதழ் வாங்காத திட்டங்களும் அப்படியே. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. தாமதத்துக்கான வட்டி இரு தரப்புக்கும் ஒரே விகிதம். இங்கே அது பாரத ஸ்டேட் வங்கியின் உச்ச எம்சிஎல்ஆர் (கடன் வட்டிக்கு வங்கி வைக்கும் அடிப்படை விகிதம்) விகிதத்தோடு 2 சதவீதம்.

இந்தத் திட்டமும் 2017-லேயே பதிவாகியிருந்தது. பதிவின்போது பில்டர் அறிவித்த முடிவுத் தேதி 2021 டிசம்பர். வாங்குபவருக்கு ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்ததோ 2019 டிசம்பர். இந்தச் சட்டத்தை நடத்தும் ரெரா ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம் என்று கிடந்த இந்த இரண்டு ஆண்டு வித்தியாசத்தை முன்பணம் கொடுத்தபோது இவர்கள் பார்க்கவில்லை. பின்னால் வழக்கே இதைச் சுற்றித்தான் நடந்தது.

நேரில் பார்த்தது

2020 டிசம்பரில், ஊரடங்குகள் தளர்ந்த பிறகு, அவர்களோடு இடத்துக்குப் போனேன். முதல் பிளாக்கில் நான்கு மாடிக்கும் தளம் போட்டாயிற்று. இரண்டாவதில், அதாவது இவர்கள் வீடு இருக்கும் பிளாக்கில், செங்கல் சுவர் மூன்றாம் மாடி வரை. மூன்றாவது பிளாக் அஸ்திவாரத்தோடு நின்றிருந்தது. நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் துரு. லிஃப்டுக்கான குழியில் இடுப்பளவு மழைத்தண்ணீர், அதன்மேல் ஒரு ரப்பர் செருப்பு மிதந்தது. காவலுக்கு இருந்தவர் மூன்று மாதச் சம்பளப் பாக்கி என்றார்.

இவர்களுடைய வீட்டுச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். வெறும் செங்கல். பூச்சு வேலைக்கான தவணையோ ஓராண்டுக்கு முன்பே வங்கியிலிருந்து போய்விட்டது. பில்டர் டிமாண்ட் லெட்டர் அனுப்பினார், கணவர் வங்கிக்குச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டார், வங்கி இடத்தைப் பார்க்காமல் பணத்தை விடுவித்தது. மூன்று பேரில் ஒருவராவது சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். இதே மாதிரிக் கோப்புகளில் நானும் மேசையில் உட்கார்ந்தபடியே ஒப்புதல் போட்டிருக்கிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றைய கணக்கு இது: கொடுத்தது 26.35 லட்சம், விலையில் 85 சதவீதம். கடனுக்கு மாத வட்டி சுமார் 12,000. குடியிருந்த வீட்டுக்கு வாடகை 7,500. இரண்டையும் கட்டிய பிறகு கைக்கு நின்றது சம்பளத்தில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்.

முதல் முடிவு: இருப்பதா, விலகுவதா

ரெரா சட்டத்தின் 18-வது பிரிவு இரண்டு வழி தருகிறது. திட்டத்திலிருந்து விலகினால் கொடுத்த பணம் முழுவதும் வட்டியோடு திரும்ப வேண்டும். விலகாவிட்டால், ஒப்படைக்கும் நாள்வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி.

கணவருக்கு விலகிவிட வேண்டும் என்ற ஆத்திரம். மனைவி ஒரே கேள்வி கேட்டார்: “மனை நம்ம பேர்ல பதிவாயிருக்கு. அதை எதுக்கு சார் திருப்பிக் குடுக்கணும்?”

அந்தக் கேள்வியிலிருந்துதான் கணக்குப் போட்டோம். விலகினால் யுடிஎஸ் பத்திரத்தை ரத்து செய்து கொடுக்க வேண்டும். வரும் பணத்தில் முதல் பங்கு வங்கிக்கு. மானியமும் கையைவிட்டுப் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே நேரத்தில் 30 லட்சத்துக்கு மேல் தரச் சொன்னால் காவலாளிக்கே சம்பளம் தராத பில்டர் எங்கிருந்து தருவார்? இவர்கள் பிளாக் பாதிக்கு மேல் எழும்பிவிட்டது, மிச்சம் இருப்பது சுவர், பூச்சு, லிஃப்ட், மின்சாரம். ஆகவே இருப்பது என்று முடிவானது. மூன்றாவது பிளாக்கில் வாங்கிய ஒருவர் அதே வாரம் என்னிடம் வந்தார். அவருக்கு அஸ்திவாரம் மட்டும்தான். அவர் விலக முடிவு செய்தார், நானும் சரி என்றேன். அவர் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

இரண்டாவது முடிவு: எந்தக் கதவு

வாங்கியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் திவால் சட்டத்தின்கீழ் போகலாம் என்ற பேச்சு பலமாக இருந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு திட்டத்தில் வாங்கியவர்களில் 100 பேரோ 10 சதவீதம் பேரோ, எது குறைவோ அத்தனை பேர் சேர்ந்தால் மனு போடலாம். விற்றது 118 வீடு என்பதால் 12 பேர் போதும். பயமுறுத்த நல்ல ஆயுதம்தான். ஆனால் மனு ஏற்கப்பட்டு தடைக்காலம் தொடங்கினால் மற்ற எல்லா வசூல் நடவடிக்கைகளும் நின்றுவிடும், கட்டுமானமும் யார் கையில் போகும் என்று தெரியாது. நான் வேண்டாம் என்றேன். குழுவில் சிலருக்கு என்மேல் வருத்தம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் திறந்தே இருந்தது. ரெரா இருப்பதால் அந்த வழி அடைபடாது என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. வீடு கட்டி முடிக்க வைக்கும் அதிகாரம் ரெரா ஆணையத்திடம் அதிகம் என்பதால் அங்கே போனோம்.

இங்கே ஒரு சறுக்கல். தமிழ்நாட்டில் ஆணையத்திடம் புகார் செய்ய ‘எம்’ படிவம், இழப்பீட்டுக்காகத் தீர்ப்பு அதிகாரியிடம் போக ‘என்’ படிவம். வட்டி, வாடகை, மன உளைச்சல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மனுவாகப் போடலாம் என்று ஒரு வழக்கறிஞர் சொல்ல, 2021 பிப்ரவரியில் ‘என்’ படிவத்தில் போட்டோம். அன்றைய நடைமுறையில் அது தவறில்லை. ஆனால் 2021 நவம்பர் 11-ல் நியூடெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோட்டைத் தெளிவாகப் போட்டது. திருப்பித் தருவதும் தாமத வட்டியும் ஆணையத்தின் வேலை, இழப்பீடு மட்டும் தீர்ப்பு அதிகாரியின் வேலை. எங்கள் மனுவைத் திரும்பப் பெற்று, 2022 மார்ச்சில் ‘எம்’ படிவத்தில் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. ஓராண்டு போனது. வட்டியும் ஒப்படைப்பும் மட்டும் கேட்டு முதலிலேயே ‘எம்’ படிவத்தில் போயிருந்தால் அந்தத் தீர்ப்பு எங்களைத் தொட்டே இருக்காது.

விசாரணையில் நடந்தது

பில்டர் தரப்பின் வாதம் மூன்று. கொரோனா ஒன்று. சதுர அடிக்கு 3 ரூபாய்க்கு மேல் கேட்க ஒப்பந்தம் இடம் தரவில்லை என்பது இரண்டு. மூன்றாவதுதான் முக்கியமானது: பதிவில் சொன்ன தேதி 2021 டிசம்பர், ஆகவே அதுவரை தாமதமே இல்லை.

கொரோனாவுக்கு எங்கள் பதில் எளிது. வாக்களித்த கெடு 2019 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது, ஊரடங்கு வந்தது 2020 மார்ச்சில். பதிவுத் தேதி வாதத்துக்கு, 18-வது பிரிவு பேசுவது ஒப்பந்தத்தில் எழுதிய தேதியைத்தான், பதிவில் பில்டர் தானாக அறிவித்துக்கொண்ட தேதி ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதாது என்ற நீதிமன்றத் தீர்ப்புகளைக் காட்டினோம். பம்பாய் உயர் நீதிமன்றம் 2017-லேயே இதைச் சொல்லியிருக்கிறது.

உண்மையில் வேலை செய்தது ஒரு தாள். ஒவ்வொரு தவணையும் எந்தத் தேதியில், எந்தக் கடிதத்தின்பேரில், எவ்வளவு போனது என்று மனைவி ஒரு நான்கு கோட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதைத் தட்டச்சு செய்து, பக்கத்தில் வங்கி அறிக்கையின் பக்க எண்ணைப் போட்டுக் கொடுத்தோம். பணம் வாங்கியதைப் பற்றி எதிர்த்தரப்பால் ஒரு கேள்வியும் எழுப்ப முடியவில்லை.

2022 டிசம்பரில் உத்தரவு வந்தது. நான்கு மாதத்துக்குள் நிறைவுச் சான்றிதழோடு வீட்டை ஒப்படைக்க வேண்டும். 2020 ஜனவரி முதல் ஒப்படைக்கும் நாள்வரை, கொரோனாவுக்காக ஆறு மாதத்தை மட்டும் விட்டுவிட்டு, கொடுத்த தொகைக்கு வட்டி. விகிதம் ஏறத்தாழ 10 சதவீதம். மாதத்துக்குச் சுமார் 22,000 ரூபாய். ஒப்பந்தம் தருவதாகச் சொன்ன 2,535 ரூபாயோடு ஒப்பிட்டால் சட்டம் என்ன செய்தது என்று தெரியும். அன்றுவரை சேர்ந்தது 6.6 லட்சம்.

பில்டர் மேல்முறையீடு செய்தார்

உத்தரவைக் கையில் வாங்கியதும் கணவர் இனிப்பு வாங்கி வந்தார். இரண்டு மாதத்தில், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் பில்டர் போய்விட்டார் என்ற நோட்டீஸ் வந்ததும் அதே மனிதர் என் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். எல்லாம் போச்சா சார் என்றார்.

எனக்கோ அது நல்ல செய்தி. சட்டத்தின் 43(5) பிரிவின்படி, வாங்கியவருக்குத் தர வேண்டிய தொகை முழுவதையும் வட்டியோடு தீர்ப்பாயத்தில் கட்டினால்தான் பில்டரின் மேல்முறையீடு விசாரணைக்கே வரும். நியூடெக் தீர்ப்பு இந்த நிபந்தனை செல்லும் என்று உறுதி செய்தது. உத்தரவு கையில் இருக்கும்வரை அது காகிதம். மேல்முறையீடு வந்ததும் அதற்குரிய பணம் பில்டரின் கையைவிட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிறது.

இத்தனை வாங்குபவர்களில் இவர்கள் உத்தரவை மட்டும் பில்டர் ஏன் எதிர்த்தார்? பதிவுத் தேதி வாதத்தை நிராகரித்த உத்தரவு இதுதான். இது நிலைத்தால் மற்ற ஒவ்வொருவரும் இதையே காட்டி 2020-லிருந்து வட்டி கேட்பார்கள். அதை உடைக்க 6.6 லட்சம் கட்டுவது அவருக்கு லாபக் கணக்கு. 2023 மார்ச்சில் கட்டினார்.

சாவியும் ஒரு கடிதமும்

இதற்கிடையே வேலை வேகம் பிடித்தது. 2023 ஆகஸ்டில் சாவி தருகிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அழைத்தார்கள். கூடவே இரண்டு பக்கக் கடிதம், கையெழுத்துப் போட. ஏழாவது பத்தியில் ஒரு வரி: வீட்டை முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன், எவ்விதக் கோரிக்கையும் பாக்கி இல்லை. வாடகை ஏறிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு முன்னால் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை நீட்டுகிறார்கள். அன்று அந்த வரியில் கையெழுத்திட்டவர்கள் பலர்.

நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் இந்த அளவு கட்டடத்துக்கு நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. லிஃப்டும் மோட்டாரும் கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பில் ஓடிக்கொண்டிருந்தன. இதை எழுதி, சான்றிதழோடு தந்தால் உரிமைகளுக்குப் பாதிப்பின்றிப் பெற்றுக்கொள்வோம் என்று பதிவுத் தபாலில் பதில் அனுப்பினோம். ஐந்து மாதம் கூடுதலாக வாடகை கட்டினார்கள். இது சுலபமான முடிவு இல்லை. மனைவியின் அம்மாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை, இரண்டு முறை வாங்கிவிடலாமா என்று போன் வந்தது.

முடிவு

2023 நவம்பரில் மேல்முறையீடு தள்ளுபடியானது. கட்டிய தொகையை விடுவிக்க உத்தரவு. 2024 ஜனவரியில் நிறைவுச் சான்றிதழ் வந்தது, தை மாதத்தில் பால் காய்ச்சினார்கள். பிப்ரவரியில் 6.6 லட்சமும் அதற்குச் சேர்ந்த வட்டியும் கணக்கில் ஏறின.

உத்தரவுக்குப் பிந்தைய 13 மாத வட்டி, சுமார் 2.85 லட்சம், அந்த வைப்பில் சேரவில்லை. அதை வசூலிக்க இன்னொரு மனு போடாமல், பில்டருக்குத் தர வேண்டியிருந்த கடைசி 15 சதவீதத்தில், அதாவது 4.65 லட்சத்தில், கழித்துக்கொண்டோம். பில்டரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு மீதி 1.8 லட்சத்தை மட்டும் வங்கி விடுவித்தது. அந்த 15 சதவீதம் கையில் நின்றது எங்கள் சாமர்த்தியம் இல்லை. லிஃப்ட் பொருத்தும் கட்டம் வராததால் தவணை போகவில்லை, அவ்வளவுதான்.

மானியம் பற்றி ஒரு சிக்கல் இன்னும் தொங்குகிறது. முதல் தவணையிலிருந்து 36 மாதத்துக்குள் வீடு முடியாவிட்டால் மானியம் திரும்பப் பெறப்படலாம் என்பது திட்ட விதி. வங்கி 2021-ல் விளக்கம் கேட்டது. புகார் நகலும் பின்னர் உத்தரவு நகலும் கொடுத்தோம். வங்கி மானியப் பணத்தைத் திரும்ப எடுக்கவில்லை, எடுக்க மாட்டோம் என்று எழுதியும் தரவில்லை. தனியாக இழப்பீடு கேட்டு ‘என்’ படிவத்தில் போகலாம் என்று சொன்னேன். “போதும் சார், இனி ஹியரிங்னு யாரும் சொல்லாதீங்க” என்றார் மனைவி.

மூன்றாவது பிளாக்காரர்

அவருக்கு எங்களுக்கு முன்பே, 2022 நடுவில், 22 லட்சத்தையும் வட்டியையும் திருப்பித் தர உத்தரவு கிடைத்தது. பில்டர் மேல்முறையீடு செய்யவில்லை. சும்மா இருந்துவிட்டார். ரெரா உத்தரவுத் தொகையை நில வருவாய்ப் பாக்கி போல வசூலிக்க 40-வது பிரிவு இடம் தருகிறது. வசூல் சான்று மாவட்ட நிர்வாகத்துக்குப் போகும், 1864-ம் ஆண்டு வருவாய் வசூல் சட்டப்படி ஜப்தி நடக்க வேண்டும். எதை ஜப்தி செய்வது? நிலத்தின் பெரும்பகுதி யுடிஎஸ்ஸாக வாங்கியவர்கள் பெயருக்குப் போய்விட்டது. விற்காத வீடுகள் ஒரு நிதி நிறுவனத்திடம் அடமானம். கம்பெனி பெயரில் என்ன சொத்து இருக்கிறது என்ற விவரம் இல்லை என்று கோப்பு ஒருமுறை திரும்பியது. சர்வே எண் தேடி, வில்லங்கச் சான்று போட்டு, அவரே கண்டுபிடித்துக் கொடுத்தார். இதுவரை வந்தது 3 லட்சம்.

அவருக்கு நான் சரி என்று சொன்னது தவறா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அஸ்திவாரத்தோடு நின்ற பிளாக்கில் மாத வட்டி கேட்டுக் காத்திருப்பதும் வழியில்லை. தவறியது வேறு இடத்தில். உத்தரவு வருவதற்கு முன்பே, கம்பெனி பெயரில் மிச்சமிருந்த சொத்துகளைப் பட்டியலிட்டு, அவற்றை விற்கத் தடை கேட்டு இடைக்கால மனு போட்டிருக்க வேண்டும்.

இன்று வந்தால் மாற்றிச் செய்பவை

யார் வந்தாலும் இப்போது முதலில் கேட்பது ஒப்பந்தத் தேதியையும் பதிவுத் தேதியையும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் முன்பணத்துக்கு முன்பே எழுத்தில் விளக்கம் வாங்கச் சொல்கிறேன். வங்கியின் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடும் நாளன்று இடத்துக்குப் போய், அன்றைய செய்தித்தாளை சுவர் பக்கத்தில் வைத்து ஒரு புகைப்படம். புகார் என்றால் வட்டியும் ஒப்படைப்பும் ‘எம்’ படிவத்தில் தனியாக, இழப்பீடு அப்புறம். விலகுகிறவர்கள் என்றால் புகாருக்கு முந்தைய வாரமே பில்டர் கம்பெனி பெயரில் வில்லங்கச் சான்று.

மூன்றாவது பிளாக்காரரின் கோப்பு இப்போது தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. கண்டுபிடித்த சர்வே எண்ணில் 11 சென்ட் காலி மனை, வேலி இல்லை. அடுத்த வாரம் அளக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நானும் போகிறேன்.